தடித்த டயரும் மெலிந்த வாதங்களும்

ஒவ்வோர் ஆண்டும் முதற்பனி விழுந்த மறுநாள் காலை, அலுவலக வாயிலில் வண்டியைப் பூட்டிக்கொண்டிருக்கும் எங்களை நோக்கி இரண்டு சொற்களில் ஒன்று தவறாமல் வீசப்படும். ஒன்று ‘பைத்தியம்’, மற்றொன்று ‘வீரம்’. முதற்சொல்லைக் குறித்து எங்களுக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. பைத்தியம் என்றவர் மின்தூக்கிக்குள் நுழைவதற்குள் எங்களை மறந்துவிடுவார். வீரம் என்று சொல்லித் தோளில் தட்டிச் செல்கிறாரே, அவரோடுதான் எங்களுக்கு வழக்கு.

நாங்கள் மூவர். வாழ்வது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில். ஊர்ப்பெயர் இங்கு வேண்டாம், பின்னால் சொல்லப்போவது அவ்வூருக்குப் பெருமை சேர்ப்பதன்று. ஆளுக்கொரு மிதிவண்டி வைத்திருக்கிறோம். ஒன்றே ஒன்று. நான்கு அங்குல டயர் பூட்டிய மலை மிதிவண்டி. ஃபேட் பைக் என்பார்கள். ஜனவரியின் மைனஸ் இருபது டிகிரியிலும் அதுதான், ஜூலையின் புழுக்கத்திலும் அதுதான். (தொலைபேசியில் அம்மா கேட்பது வேறு கேள்வி: “இத்தனை வருசம் படிச்சு, அமெரிக்கா போயி, இன்னுமா சைக்கிளு?” சைக்கிள் என்பது ஏறி இறங்கிக் கடந்துபோக வேண்டிய ஒரு படி என்று எண்ணும் தலைமுறை அது. அவரோடு வழக்காட எங்களுக்குத் துணிவில்லை.)

எங்களை எதிர்ப்போர் இரு திறத்தார். இது பனிக்கால விளையாட்டுப் பொருள், வசந்தம் வந்ததும் கொட்டகையில் தொங்கவிட வேண்டியது என்போர் ஒரு திறத்தார். இது தனிமனித வைராக்கியத்தின் உச்சம், ஆகவே கைதட்டலோடு நிறுத்திக்கொள்ளலாம் என்போர் மறு திறத்தார். முன்னவருக்கு விடை எளிது. அதை முதலில் முடித்துவிடுவோம்.

தடித்த டயர் பனியில் மட்டும் பிறந்ததன்று. 1987இல் அலாஸ்காவில் இடிடாபைக் என்னும் பந்தயம் தொடங்கியது. நாய்ச்சறுக்கு வண்டிகள் ஓடும் இடிடாரோட் தடத்தில், 200 மைல். சாதாரண மலை மிதிவண்டிகளில் கிளம்பியவர்கள் பெருந்தொலைவு வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் இரண்டு ரிம்களைப் பக்கம் பக்கமாகப் பற்றவைத்து அகலமாக்கும் வேலை தொடங்கியது. ஃபேர்பேங்க்ஸ் நகரின் சைமன் ராக்கோவர் அவ்வாறு பற்றவைத்துப் பார்த்து, பின்னர் 44 மில்லிமீட்டர் அகலத்தில் ‘ஸ்னோகேட்’ என்னும் ரிம்மை உருவாக்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் அங்கிருந்து ஆயிரக்கணக்கான மைல் தெற்கே, நியூ மெக்சிகோவில் ரே மோலினா என்பவர் இன்னும் அகலமான ரிம்களையும் அவற்றுக்குரிய டயர்களையும் செய்துகொண்டிருந்தார். அவர் கண்முன் இருந்தது பனியன்று, பாலைமணல். இவ்விரு முயற்சிகளும் 1990களின் இறுதியில் சந்தித்தன. அலாஸ்காவின் மார்க் குரோனவால்ட் அத்தகைய வண்டிகளைக் கட்டி ‘ஃபேட்பைக்’ என்று பெயரிட்டு விற்றார். 2005இல் மினசோட்டாவின் சர்லி நிறுவனம் ‘பக்ஸ்லி’ என்னும் சட்டத்தையும் அதற்கென 3.7 அங்குல டயரையும் வெளியிட்ட பிறகே எங்களைப் போன்ற சாமானியர் கடைக்குப் போய் வாங்கும் பொருளாக அது மாறிற்று.

ஆக, பனியும் மணலும் கூடிப் பெற்ற பிள்ளை இது. அதைப் பனிக்கு மட்டுமே உரிமையாக்குவது எவ்வகை நியாயம்?

இனி அது வேலை செய்யும் விதம். ஓட்டுபவர், வண்டி, முதுகுப்பை எல்லாம் சேர்த்து 95 கிலோ என்று கொள்வோம். சாலைப் பந்தய வண்டியின் டயரில் 85 பி.எஸ்.ஐ. காற்று, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஆறு கிலோ. இரு சக்கரங்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 16 சதுர சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டியின் மேற்பரப்பு. எங்கள் டயரில் பனிக்காலத்தில் 7 பி.எஸ்.ஐ., அதாவது அரைக் கிலோ. பரப்பு 190 சதுர சென்டிமீட்டராக விரிகிறது. இரண்டு உள்ளங்கைகளை விரித்து வைத்தாற்போல. தீப்பெட்டி பனிக்குள் இறங்கிவிடும், உள்ளங்கை மேலே நிற்கும். இதில் மந்திரமும் இல்லை, மறமும் இல்லை. மந்திரமில்லை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. இருபது டிகிரி வெப்பமுள்ள வீட்டுக்குள் 10 பி.எஸ்.ஐ. அடித்துவிட்டு மைனஸ் இருபதில் வெளியே கொண்டுபோனால், அரைமணி நேரத்தில் அது ஆறரையாகச் சுருங்கிவிடும். முதற்குளிர்காலத்தில் இது தெரியாமல், டயர் ஓட்டையென்று நினைத்து மூன்று டியூப்களை மாற்றியவர் எங்களுள் ஒருவர். பெயர் சொல்ல மாட்டோம்.

தடித்த டயர் செய்யாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். உருகி மறுபடி உறைந்த கண்ணாடிப்பனியில் அது மெல்லிய டயரைப் போலவே வழுக்கும். அங்கே காப்பது அகலமன்று, டங்ஸ்டன் கார்பைடு ஆணிகள். கடுங்குளிரில் ஃபிரீவீலுக்குள் இருக்கும் கிரீஸ் கெட்டிப்பட்டால் பெடல் வெறுமனே சுற்றும், வண்டி நகராது. மார்ச்சில் நிலம் இளகும்போது காட்டுத்தடங்களில் ஓட்டினால் அங்குல ஆழத்துக்குத் தடம் பதிந்து ஆண்டு முழுதும் வடுவாக நிற்கும். அப்போது ஓட்டாமல் இருப்பதே பண்பு. ‘ஆண்டு முழுதும்’ என்று நாங்கள் சொல்வது எல்லா நாளும் எல்லாத் தடத்திலும் என்ற பொருளிலன்று.

கோடையில் இது மெதுவாகப் போகிறதே என்பார்கள். போகிறது. அதிகக் காற்றடித்தாலும் ஒன்பது கிலோமீட்டர் வழியில் ஐந்தாறு நிமிடம் கூடுதலாகிறது. அந்த ஐந்தாறு நிமிடத்தைச் சேமிக்கக் கோடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று, பனிக்கு ஒன்று என்று நான்கு வண்டிகள் வேண்டுமாம். ஒருவனுக்கு எத்தனை மிதிவண்டி தேவை என்ற கேள்விக்கு, இப்போது இருப்பதோடு இன்னும் ஒன்று என விடைசொல்லிச் சிரிப்பது இங்கே ஓட்டுநர்களிடையே பழகிப்போன நகைச்சுவை. கடைக்காரர்களும் உடன் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜூலையில் ப்ளூமிங்டன் அருகே மினசோட்டா ஆற்றங்கரைத் தடத்துக்கு வந்து பாருங்கள். வெள்ளம் வடிந்த இடத்தில் மெத்தென்று படிந்த மணல். வேகவண்டிகளைத் தோளில் சுமந்து செல்வோரைக் கடந்து, நாங்கள் மெதுவாகத்தான் போகிறோம், ஆனால் ஏறி அமர்ந்தபடி போகிறோம்.

ஒன்றை மட்டும் தெளிவாக்கிவிடுகிறோம். நெதர்லாந்தில் இன்று ‘ஃபேட்பைக்’ என்றால் பொருளே வேறு. சிறு சக்கரமும் மின்மோட்டாரும் பூட்டிப் பதின்பருவத்தினர் விரட்டிச் செல்லும் வண்டிக்கு அங்கே அப்பெயர். தலைக்கவசமும் வயதுவரம்பும் வேண்டுமென்று 2024இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தீர்மானமே நிறைவேற்றியது. நாங்கள் பேசுவது காலால் மிதிக்கும் வண்டியைப் பற்றி.

நிற்க. வீரத்துக்கு வருவோம்.

1900ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், தங்கவேட்டைக் காலத்தில், எட் ஜெஸ்ஸன் என்பவர் உறைந்த யூக்கான் ஆற்றின்மீது டாசனிலிருந்து நோம் வரை ஏறத்தாழ ஆயிரம் மைல் மிதிவண்டியில் சென்றார். தடித்த டயர் என்ற எண்ணமே பிறக்காத காலம். அது வீரம்; மறுப்பாரில்லை. ஆனால் அவர் போனது பாதையற்ற பெருவெளியில். நாங்கள் போவது வரி கட்டும் குடிமக்கள் வாழும் ஊரில், மிதிவண்டிக்கென்று வெள்ளைக்கோடு கிழிக்கப்பட்ட தெருவில், பற்றுச்சீட்டு அச்சிடும் அலுவலகத்துக்கு. இந்த ஒன்பது கிலோமீட்டரைக் கடக்க ஜெஸ்ஸனின் நெஞ்சுரம் தேவைப்படுகிறது என்றால், பாராட்டப்பட வேண்டியவர் நாங்களா, விசாரிக்கப்பட வேண்டியது அந்தத் தெருவா?

எங்கள் ஊரில் பனி விழுந்ததும் பனி தள்ளும் வண்டிகள் விடியுமுன்னே புறப்படும். வேலையை நன்றாகவே செய்யும். கார்கள் ஓடும் தடம் காலை ஆறு மணிக்குக் கருமையாகப் பளிச்சிடும். தள்ளப்பட்ட பனி எங்கே போயிற்று? வெள்ளைக்கோட்டுக்கு இப்பால், எங்கள் தடத்தில் முழங்காலுயர வரப்பாகக் கிடக்கும். பகலில் சற்று இளகி, இரவில் கல்லாகி, மார்ச் வரை அங்கேயே இருக்கும். அந்த வரப்பின்மீது ஏறிப் போகவே நாங்கள் தடித்த டயர் வாங்கினோம். ஆம், நாங்களும்தான். ஒரு பொதுக்கடமை தவறியதால் விளைந்த மேட்டை, ஆளுக்கு ஓராயிரம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கிய டயரால் தாண்டிவிட்டு, தாண்டியதற்காகப் பாராட்டும் பெற்றுக்கொண்டோம். தெருவைச் சீர்செய்யக் கேட்டு நாங்கள் எழுதிய முதற்கடிதத்துக்கு முன்பே எங்கள் வண்டிகளின் புகைப்படம் உள்ளூர்ச் செய்திமடலில் வந்துவிட்டது. அதில் நாங்கள் சிரித்துக்கொண்டு வேறு நிற்கிறோம்.

இது வட நாடுகளின் தலைவிதி என்று யாரும் சொல்லவேண்டாம். பின்லாந்தில் 65ஆம் அட்சரேகையில் ஔலு என்று ஒரு நகரம் இருக்கிறது. டிசம்பரில் அங்கே சூரியன் சில மணி நேரம் எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடும். அங்கே மிதிவண்டிப் பாதைகள் தனி வலையாகவே ஊரெங்கும் பின்னிக்கிடக்கின்றன. முதன்மைப் பாதைகளைக் காலைப் போக்குவரத்துக்கு முன்பே வழித்துவிடுகிறார்கள். பனியை அடியோடு சுரண்டுவதும் இல்லை. இறுகிய அடுக்கு ஒன்றை விட்டு, அதன் மேற்பரப்பைக் கீறிச் சொரசொரப்பாக்கி, வேண்டிய இடத்தில் கல்பொடி தூவுகிறார்கள். அதன்மேல் பள்ளிப்பிள்ளைகள் சாதாரண மிதிவண்டியில் போகிறார்கள், பாட்டிமார் கூடைவைத்த வண்டியில் காய்கறி வாங்கப் போகிறார்கள். 2013இல் பனிக்கால மிதிவண்டி ஓட்டத்துக்கான முதல் பன்னாட்டு மாநாடு அந்நகரில்தான் கூடியது. அங்கே எவரையும் யாரும் வீரர் என்பதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? இதே மாநிலத்தில் மினியாபொலிஸ் நகரின் மிட்டவுன் கிரீன்வே இருக்கிறது. பழைய ரயில் பாதையின் பள்ளத்தை மிதிவண்டிப் பாதையாக்கிய ஒன்பது கிலோமீட்டர். 2000 முதல் 2006 வரை பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டது. பனிக்காலத்திலும் அதை வழிக்கிறார்கள். ஜனவரியில் ஒருநாள் எங்கள் தடித்த டயர்களோடு அதில் போனோம். மெல்லிய டயர் வண்டிகளில் வந்தவர்கள் எங்களை மரியாதையாகக் கடந்து சென்றார்கள். அன்று எங்களுக்கு ஏற்பட்ட வெட்கம் நல்ல வெட்கம்.

‘பனிக்காலத்தில் ஓட்டுவோர் சிலரே, அச்சிலருக்காகப் பொதுப்பணத்தைச் செலவிடலாமா?’ என்பது அடுத்த வாதம். அந்தச் சிலர் யாரென்று கேட்டவர் பார்த்ததில்லை. நாங்கள் பார்க்கிறோம், ஏனெனில் அந்த நேரத்தில் தெருவில் இருப்போர் நாங்களும் அவர்களும்தாம். நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் விடிகாலை ஐந்தரைக்கு எதிர்ப்படும் ஒருவர் உண்டு. உணவுவிடுதியில் இரவெல்லாம் பாத்திரம் கழுவிவிட்டு வீடு திரும்புகிறவர். பேரங்காடியில் வாங்கிய மலிவு வண்டி, இரண்டு அங்குல டயர், காலணிக்குமேல் ரொட்டிப் பையைக் கட்டியிருப்பார். கார் இல்லை, அந்நேரத்தில் பேருந்தும் இல்லை. அவர் தடித்த டயர் வாங்க மாட்டார். அதன் விலை அவருக்கு ஒரு மாதத்தின் பெரும்பகுதி. அவர் தோளை எவரும் தட்டியதில்லை. சென்ற பிப்ரவரியில் மூன்று வாரம் அவரைக் காணோம். பிறகு ஒரு நாள், மணிக்கட்டில் மாவுக்கட்டோடு, ஒற்றைக்கையால் வண்டியைப் பிடித்து நடந்துவந்தார். வரப்புக்கு இடமில்லாமல் நடைபாதையில் ஏறியிருக்கிறார், அங்கே கண்ணாடிப்பனி. எங்களைக் கண்டதும் எங்கள் டயரைத்தான் முதலில் பார்த்தார். “நல்ல வண்டி” என்றார்.

வீரம் என்று எங்களைப் புகழ்பவர் அந்த மணிக்கட்டின்மீது ஏறித்தான் புகழ்கிறார். பனியில் ஓட்டுவது சிலருக்கே வாய்த்த அரிய குணம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், அக்குணம் இல்லாதவர் விழுந்தது அவர் குற்றமாகிவிடுகிறது. பனியை அங்கே தள்ளியவர் கணக்கிலிருந்து கழன்றுகொள்கிறார்.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். பனிக்கு மாற்றாக எங்கள் ஊர் அறிந்த ஒரே வைத்தியம் உப்பைக் கொட்டுவது. ஒரு பனிக்காலத்தில் ஆளுக்கு இரண்டு செயின் துருப்பிடித்துப் போகிறது. அது எங்கள் பணம், போகட்டும். ஒரு தேக்கரண்டி உப்பு ஐந்து கேலன் நீரைக் கெடுக்கும் என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு முகமையே பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. ஏரிக்குள் போன குளோரைடை எளிதில் வெளியே எடுக்க முடியாது. பத்தாயிரம் ஏரிகளின் நாடு என்று வண்டிகளின் எண்பலகையிலெல்லாம் எழுதிவைத்திருக்கும் மாநிலம் இது. கல்பொடியும் கீறிய பனியும் போதுமென்ற இடத்திலும் உப்பைக் கொட்டுவது எதனால்? தெரு கறுப்பாகத் தெரிய வேண்டும், அவ்வளவே.

ஆகவே, அலுவலக வாயிலில் எங்களைப் பாராட்டும் அன்பர்களுக்கு: அடுத்த நவம்பரில் தோளில் தட்ட வேண்டாம். ஊர்மன்றத்தின் பனியகற்றும் திட்டம் செப்டம்பர் கூட்டத்தில் விவாதத்துக்கு வருகிறது; பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். கடந்த ஆண்டு பேசியவர்கள் நாங்கள் மூவர் மட்டுமே. தலைவர் எங்கள் துணிவை மெச்சிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். இவ்வாண்டு பாலத்தடி நண்பரையும் அழைத்திருக்கிறோம். கூட்டம் மாலை ஏழு மணிக்கு. அவருக்கு வேலை எட்டு மணிக்கு. முதலில் அவரைப் பேச விடுங்கள் என்று கேட்கப் போகிறோம்.