மாமியார் மொழிபெயர்த்தால் மருமகள் பேசுவாளா?

பெங்களூரு நிம்ஹான்ஸ் மாதிரி இடங்களில், மனநல சிகிச்சை பழகும் மாணவியிடம் உங்களை அனுப்பினால், 'சின்னப் பொண்ணாச்சே' என்று முகம் சுளிக்காதீர்கள். பின்னால் மூத்த நிபுணர் மேற்பார்வை பார்க்கிறார். அவளுக்குத் தமிழும் கன்னடமும் தெரிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்!

நம்ம ஜனங்கள் 'மனச்சோர்வு' என்றா சொல்கிறார்கள்? 'நெஞ்சு படபடங்குது, வயித்தைப் பிசையுது' என்பார்கள். (நாடி பார்க்கிற என்னிடமும் இதே பேச்சுதான்.) மாணவி அதை உடனே ஆங்கில நோய்ப் பெயராக்கிவிடக் கூடாது. 'எப்போலேர்ந்து? அப்போ வீட்ல என்ன நடந்தது?' என்று கேட்டு, நோயாளியின் வார்த்தையிலேயே எழுதி மேற்பார்வையாளரிடம் காட்டவேண்டும்.

அவளுக்குத் தெரியாத மொழி பேசுகிறவர் வந்தால்? கூட வந்த மாமியாரை மொழிபெயர்க்கச் சொல்வது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. மருமகள் வாயைத் திறப்பாளா? ரகசியம் காக்கப்படுவது, 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நோயாளியின் உரிமை. 'கொஞ்சம் வெளியே இருங்கம்மா' என்றால், மாமியார்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள்.