காருக்குக் கட்டிய அறை

தில்லியில் கார்கள் தெருவில் நிற்கின்றன. காருக்கும் ஸ்கூட்டருக்கும் என்று கட்டிய அறைகளில் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைநகரில் சில வருடங்களாவது குடியிருந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. அரசு ஊழியர் குடியிருப்புகளிலும், 1957இல் அமைக்கப்பட்ட தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய அடுக்ககங்களிலும் இரும்புக் கதவு போட்ட சின்னச் சின்ன கராஜ்கள் வரிசையாக இருக்கும். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலத்தின் மிச்சம் அவை. அவ்வளவு காத்திருந்து வாங்கிய வண்டியை மழையில் நிறுத்த யாருக்கு மனம் வரும்? ஸ்கூட்டர் தயாரிப்பை நிறுத்துவதாக பஜாஜ் நிறுவனம் 2009இல் அறிவித்தது. பிறகு மின்சார வண்டியாக அதே சேத்தக் திரும்பி வந்தது. இடையில் கராஜ்கள் கைமாறிவிட்டன.

இன்று அவற்றில் இருப்பவர்கள் இஸ்திரி போடுபவர், தையல்காரர், டியூஷன் டீச்சர், தேர்வுக்குப் படிக்க வந்த வெளியூர்ப் பையன்கள். சில வீடுகளில் வீட்டுக்காரரின் வயதான அப்பா. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரத்து கராஜ் ஒன்றில்தான் 1939இல் ஹியூலெட்டும் பேக்கர்டும் தங்கள் கம்பெனியைத் தொடங்கினார்கள் என்று உலகமே சொல்லிப் பூரிக்கிறது. நம் கராஜ்களில் பிறப்பவை ரவிக்கைகள். சட்டப்படி இதெல்லாம் சரியா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. 2006இல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் குடியிருப்புப் பகுதிக் கடைகளுக்கு சீல் வைத்தபோது பல ஷட்டர்கள் இறங்கின. பிறகு மெல்ல மெல்ல ஏறின. பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே.

கராஜ் என்பது மூன்று சுவர், ஒரு ஷட்டர். ஜன்னல் கிடையாது, காருக்கு எதற்கு ஜன்னல்? தில்லிக்காரர்கள் 'ஸீலன்' என்று அலுத்துக்கொள்ளும் சமாசாரம் அங்கேதான் குடியிருக்கும். நம் ஊர்க் கொத்தனார்களிடம் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: ஓதம். சங்க இலக்கியத்தில் கடலின் பெருக்குக்கு வரும் அதே ஓதம். கீழிருந்து பொங்கி ஏறுவது என்ற பொருளில் பார்த்தால், சுவருக்கும் அது பொருந்தத்தான் செய்கிறது.

மயூர் விஹாரில் எனக்குத் தெரிந்த ஒரு கராஜ். சொந்தக்காரர் மத்திய அரசிலிருந்து ஓய்வு பெற்ற தஞ்சாவூர்க்காரர், எல்லோருக்கும் மாமா. வாடகைக்கு இருப்பவர் பிஹாரிலிருந்து வந்த தையல்காரர்; எல்லோருக்கும் மாஸ்டர்ஜி. ஒரு மழைக்காலத்தில், கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த பட்டில் கறுப்புக் கறுப்பாகப் பூசணம் பூத்தது. நஷ்டத்தை மாஸ்டர்ஜி தவணையில் கட்டினார். தைத்த துணியில் வாடை அடிக்கிறது என்று வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். குளிர்காலத்தில் வேறு தொல்லை. விரல் விறைத்து ஊசியில் நூல் கோக்க முடியாது. கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல் என்றால் நண்பகல் வரை காத்திருக்க வேண்டும். இரவு அவரும் தங்கை மகனும் அங்கேயே படுத்துக்கொள்வார்கள்.

"காலி பண்ணச் சொல்ல மனசு வரலை. இப்படியே விடவும் முடியலை" என்றார் மாமா. விசாரித்தபோது ஒரு கான்டிராக்டர் ஒரே நாளில் முடிகிற யோசனை சொன்னார்: சுவர் முழுக்க பி.வி.சி. பலகை அடித்துவிடலாம், ஈரமே தெரியாது.

தெரியாது, சரி. போகுமா? செங்கல் தாகமுள்ள பொருள். தரையிலுள்ள நீரை உறிஞ்சி மேலே ஏற்றும். அதைத் தடுக்கத்தான் அஸ்திவாரத்துக்கு மேல் சுமார் 4 செ.மீ. கனத்தில் கான்கிரீட் பட்டை போடுகிறார்கள். தில்லியில் அந்தப் பட்டைக்கு ஒரு விசித்திரமான எதிரி உண்டு: சாலை. பல காலனிகளில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் தெரு உயர்கிறது, வீடு தாழ்கிறது. ஒரு காலத்தில் தெருவுக்கு மேலே இருந்த பட்டை இப்போது மண்ணுக்குள் இருக்கிறது. அதைத் தாண்டி ஈரம் சுவரில் ஏறுகிறது. கூடவே உப்பும் ஏறி, சிமென்ட் பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சையே தள்ளி உதிர்க்கிறது. முன்பக்கத்தைப் பலகையாலோ டைல்ஸாலோ அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் உயரத்துக்குப் போகும்.

எல்லா ஈரமும் தரையிலிருந்து வருவதில்லை. சென்னையில் ஐஸ் தண்ணீர் டம்ளர் வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜனவரியில் தில்லியின் சராசரி குறைந்தபட்ச வெப்பம் ஏழெட்டு டிகிரி. அப்போது கராஜின் இரும்பு ஷட்டர்தான் அந்த டம்ளர். உள்ளே படுத்திருப்பவர்களின் மூச்சு, காயப்போட்ட துணி, டீ போடும் காஸ் அடுப்பு எல்லாவற்றின் ஆவியும் அதில் நீராகப் படியும்.

எந்த ஈரம் எது என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி இருக்கிறது. ஒரு முழம் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் அறைக் காற்றின் ஈரம். உள்பக்கம் நனைந்தால் சுவரின் ஈரம். மாமாவின் கராஜில் கீழே ஒட்டிய தாள் உள்ளேயும், மேலே ஒட்டியது வெளியேயும் நனைந்தன. ஒரு மூலையில் மட்டும் கூரையிலிருந்தே வடிந்தது. அது மாடிவீட்டுக் குளியலறை.

மே மாதம் வேலை தொடங்கியது. மாதத் தேர்வு முக்கியம். 'லூ' என்னும் அனல் காற்றைத் திட்டாதவர் தில்லியில் இல்லை. ஆனால் சுவர் உலர்த்த அதைவிட நல்ல இயந்திரமும் இல்லை. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல்லை ஐந்து வாரம் வெற்றுடம்பாக விட்டார்கள். பூத்து வந்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினார்களே தவிரக் கழுவவில்லை. கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போகும். பிறகு சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்ந்த பூச்சு. அந்தத் தூளுக்கு இங்கே சுர்க்கி என்று பெயர். சுண்ணாம்பு ஈரத்தை அடைத்து வைக்காது, வெளியே விட்டுவிடும். வெல்லமும் கடுக்காயும் போட்டுச் சுண்ணாம்பு அரைத்த நம் பாட்டன்மாருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஹுமாயூன் கல்லறைக்கே இதே சிகிச்சைதான் நடந்தது. இருபதாம் நூற்றாண்டில் கூரைமேல் ஏற்றியிருந்த சுமார் பத்து லட்சம் கிலோ கான்கிரீட்டை அகற்றி, சுண்ணாம்பு வேலை செய்து, 2013இல் முடித்தார்கள். மொகலாயச் சக்கரவர்த்திக்குப் பொருந்தியது மாஸ்டர்ஜிக்குப் பொருந்தாதா?

தரையைத் தெரு மட்டத்துக்கு மேல் ஆறு அங்குலம் உயர்த்தி, தடித்த பாலிதீன் விரித்து, மேலே கோட்டா கல் பதித்தார்கள். மாமா கூரையின் உயரம் குறைவதைப் பற்றி முணுமுணுத்தார். தெருவைவிடத் தாழ்ந்த அறை தில்லியில் எப்படிப்பட்ட ஆபத்து என்பது 2024 ஜூலை 27 அன்று எல்லோருக்கும் தெரிந்தது. பழைய ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி நிலையத்தின் நிலவறை நூலகத்தில் மழைநீர் புகுந்து, குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூன்று பேர் இறந்தார்கள். அந்த நிலவறைக்கு அனுமதி இருந்தது வண்டி நிறுத்தவும் சாமான் வைக்கவும்தான். தாழ்வான கராஜோ நிலவறையோ, வெளிச்சமும் மேசையும் போட்டு அழகாக்குவதற்கு முன் தண்ணீர் எந்த வழியாக வரும், ஆள் எந்த வழியாக வெளியேறுவார் என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது காற்று. கூரையை ஒட்டிய சிறு திறப்பை ஹிந்தியில் 'ரோஷன்தான்' என்பார்கள்; வெளிச்சத்தை ஏந்துவது என்று பொருள். பழந்தமிழில் ஜன்னலுக்குக் காலதர், காற்றின் வழி. நாம் இப்போது சொல்லும் ஜன்னல் போர்ச்சுகீசியரிடம் வாங்கியது. குளிர் நாட்டார் வெளிச்சத்தைத் தேடினார்கள், வெயில் நாட்டார் காற்றைத் தேடினார்கள் என்று ஒரு கட்டுரையே எழுதலாம். ஆங்கில 'விண்டோ'வும் காற்றின் கண்தான் என்பதால் என் கட்டுரை அங்கே படுத்துவிடும். மாமாவின் கராஜுக்கு இரண்டும் தேவை. பின்சுவரின் உச்சியில் கம்பி வலையோடு ஒரு ரோஷன்தான் திறந்தார்கள். அது பொது நடைபாதைப் பக்கம் என்பதால் சங்கத்தில் எழுதி வாங்கவே மூன்று வாரம் ஆனது.

ஷட்டரை எடுத்துவிட்டு இரட்டைக் கதவு. கீழ்ப்பாதி தகடு, மேல்பாதி கண்ணாடி. கதவு தெற்குப் பார்த்தது என்பது அதிர்ஷ்டம். டிசம்பர் 21 நண்பகலில் சென்னையில் சூரியன் 53 டிகிரி உயரத்தில் இருக்கும், தில்லியில் 38தான். அதனால் குளிர்கால வெயில் சாய்ந்து அறையின் உள்ளே வரை வரும். ஜூனில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே போய்விடுவதால் உள்ளே எட்டிப் பார்க்காது. இப்போது மாஸ்டர்ஜியின் மெஷின் கதவருகே, வெளிச்சம் இடப்பக்கம் விழும்படி இருக்கிறது. கூரைக்கு வெள்ளை. இரண்டு 20 வாட் எல்.இ.டி. குழல்கள்; முன்பு எரிந்த ஒற்றை 60 வாட் குண்டு பல்பைவிட மின்சாரம் குறைவு, வெளிச்சம் பல மடங்கு. தகரக் கூரை உள்ளவர்கள் பகலில் அதுகூட இல்லாமல் சமாளிக்கலாம். ஆல்ஃபிரடோ மோஸர் என்ற பிரேசில் மெக்கானிக், 2002 மின்வெட்டில் தன் பட்டறைக் கூரையில் துளையிட்டு, தண்ணீரும் கொஞ்சம் பிளீச்சும் நிரப்பிய பாட்டிலைச் செருகி வெளிச்சம் கொண்டுவந்தார். மாமாவின் கூரைக்கு மேலே வேறொருவர் குடியிருக்கிறார். அந்த யோசனை இங்கே செல்லாது.

சூட்டுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். அதைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுவர் உலர்ந்தாலே பாதிக் குளிர் குறைகிறது. மீதிக்கு தில்லி ஏழைகள் நம்புவது அங்கீட்டி என்ற கரி அடுப்பு. ஒவ்வொரு குளிர்காலமும் தில்லியில் கதவை அடைத்து அங்கீட்டி வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழாத செய்தி வருகிறது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். மூச்சுத் திணறிக்கூட விழிப்பு வராது. மாஸ்டர்ஜியிடம் மாமா இதைத்தான் கண்டிப்பாகச் சொன்னார்: "கரி அடுப்பு உள்ளே வந்தா, நீங்க வெளியே போகணும்."

"ரோஷன்தான் திறந்திருக்கிறதே, பாபுஜி?"

"இருந்தாலும்தான்."

பதிலுக்கு மாமா செய்தது நியாயமானது. மாடியிலிருந்து மெல்லிய ஒயரில் இழுத்திருந்த மின்சாரத்தை எடுத்துவிட்டு, தனிக் கம்பியும் தனி ஃப்யூஸும் போட்டு, ஹீட்டர் தாங்குகிற பிளக் வைத்துக் கொடுத்தார். கயிற்றுக் கட்டில் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடப்பட்டது. துணி மூட்டைகள் செங்கல் மேல் வைத்த தகரப் பெட்டிக்குப் போயின. டீ அடுப்பு வாசலுக்கு. குளிர்காலத்தில் பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை கதவு விரியத் திறந்திருக்கும். மழைக்காலத்தில் வெளிக் காற்றே ஈரம் என்பதால், மழை விட்டு வெயில் அடிக்கும்போது மட்டும்.

மாடிக் குளியலறை மூலை இன்னும் வடிகிறது. அந்த வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். இங்கேயிருக்கும் வாடகைக்காரர் குழாய் தன் பொறுப்பில்லை என்கிறார். மாஸ்டர்ஜி அங்கே வாளி வைத்திருக்கிறார். போன வாரம் தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், புதுத் தார் போடுவதற்கு. பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போடும்படி மாநகராட்சிக்கு ஒரு மனு வேண்டும், ஹிந்தியில் வேண்டும் என்று மாமா கேட்டிருக்கிறார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.