ஹாஸ்டலுக்குப் போன பிள்ளையும் பீரோவில் தூங்கும் அட்டையும்

பெரம்பலூரில் சின்ன வெங்காயம் போடுகிறவரோ, அரியலூர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறவரோ, பிள்ளையைக் காலேஜ் ஹாஸ்டலுக்கு அனுப்பும்போது என்னென்ன கட்டிக் கொடுக்கிறீர்கள்? பக்கெட், போர்வை, பருப்புப் பொடி, ஊறுகாய்... முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை மட்டும் வீட்டு பீரோவில் தூங்குகிறது. 'இருபது வயசுப் பையனுக்கு என்ன வந்துடப் போவுது'ங்கிற தைரியம்தான்!

அந்த அட்டை உங்கள் ஒருவருக்கானது இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்பம் முழுமைக்கும் சேர்த்து வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. பிள்ளைக்கு 25 வயது, வேலை, கல்யாணம் இந்த மூன்றில் எது முந்துகிறதோ அதுவரை. கோவையில் படித்தால், திட்டத்தில் சேர்ந்த கோவை ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம். ஊருக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான். சாதாரணக் காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்து ஊசி போட்டுக்கொள்ள இது உதவாது.

இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் கவனியுங்கள். அங்கே படிக்கிற பையனுக்கு 21 வயது வரைதான். மேல்படிப்பு சேருகிற நேரத்தில் நின்றுவிடும். உங்களை நம்பியிருக்கும் கல்யாணமாகாத மகளுக்கு இந்த வயசுக் கணக்கு கிடையாது. (பெண் பிள்ளை விஷயத்தில் சட்டம் கொஞ்சம் தாராளம்!)

என் மனசுக்கு ஒப்பாதது, அந்த 'வேலை' என்ற வார்த்தைதான். டிகிரி முடித்த பையன் நாலு பேர் வேலை செய்கிற கடையில் கணக்கு எழுதப் போகிறான். இ.எஸ்.ஐ. கிடையாது, முதலாளி வேறு காப்பீடும் எடுக்கவில்லை. விதிப்படி இவன் வேலைக்குப் போனவன். அப்பா அட்டையிலும் இடமில்லை. ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டால், அப்புறம் அம்மா கழுத்துச் செயின்தானே அடகுக் கடைக்குப் போகும்? அமெரிக்காவில் 2010-ல் வந்த சட்டப்படி, வேலைக்குப் போனாலும் கல்யாணம் ஆனாலும் 26 வயது வரை பெற்றோர் பாலிசியில் இருக்கலாம். நம் திட்டத்திலும், சொந்தமாக வேறு காப்பீடு கிடைக்கிற வரைக்கும் 25 வயசு மட்டும் கணக்கு என்று வைத்தால் என்ன? அரசுக்குச் செலவு ஏறாதா என்பீர்கள். கொஞ்சம் ஏறும். ஆனால் குடும்பத்துக்கு 5 லட்சம் என்ற வரம்பு ஏறப் போவதில்லையே! இளவட்டங்கள் ஆஸ்பத்திரியில் படுப்பதும் குறைவுதான்.

தனியார் கம்பெனியில் குடும்ப பாலிசி வைத்திருப்பவர்கள், பிள்ளை வயது வரம்பைத் தாண்டுமுன் அவன் பெயருக்குத் தனி பாலிசி மாற்றித் தரும்படி கேளுங்கள். ஏற்கெனவே காத்திருந்த காலம் கணக்கில் சேரும். புதிதாக எடுத்தால், பழைய வியாதிக்கு 3 வருஷம் வரை காத்திருக்க வேண்டி வரலாம்.

ரேஷன் கார்டில் பிள்ளை பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அட்டையே வாங்காதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகலாம். அட்டை இருப்பவர்கள் அதைப் போனில் படம் எடுத்துப் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள். வார்டனிடமும் ஒரு ஜெராக்ஸ் இருக்கட்டும்.