தேய்ச்சா தேயும் பாஸ்!

போன வாரம் பைக் செயினுக்கு எண்ணெய் விட்டோம். இந்த வாரம் நாலு சக்கரம்.

செமஸ்டர் லீவுல வீட்டுக்குப் போனதும் முதல்ல காதுல விழுற வசனம் எது? "சும்மாதானே இருக்கே, காரைக் கழுவேன்டா." பொண்ணுங்களுக்கும் இதேதான், கடைசியில ஒரு 'டி' மாறும். ஒரு பக்கெட் தண்ணி, துணி துவைக்கிற பவுடர் ஒரு கைப்பிடி, அப்பாவோட பழைய பனியன். இருபது நிமிஷத்துல மேட்டர் ஓவர். கார் பளபள. சாயங்காலம் சாவி உங்க கையில.

இப்போ ஒரு சின்ன டெஸ்ட். ராத்திரி செல்போன் டார்ச்சை பானட் மேல அடிச்சுப் பாருங்க. லைட்டைச் சுத்தி சிலந்தி வலை மாதிரி வட்டமா கோடு தெரியுதா? கறுப்பு, கருநீல வண்டியில இது இன்னும் பளிச்சுனு தெரியும். அது ரோட்டுல பட்ட அடி இல்லை, வீட்டு வாசல்ல துணியால பட்டது.

இதுல ஒரு குட்டி ஃபிசிக்ஸ் இருக்கு. அந்தக் கோடுங்க நிஜத்துல வட்டமாவே இருக்காது. குறுக்கும் நெடுக்குமா எல்லாப் பக்கமும் கீறல் கிடக்கும். அதுல லைட்டுக்குக் குறுக்கா அமைஞ்ச கீறல் மட்டும்தான் வெளிச்சத்தை உங்க கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். அதான் வட்டமா தெரியுது. நம்பலைன்னா மெஸ்ல எவர்சில்வர் தட்டை பல்பு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, அதே வலை அங்கேயும் இருக்கும்.

கீறல் எங்கே விழுதுன்னு பார்ப்போம். கார் தகடு மேல துருப்பிடிக்காம இருக்க ஒரு பூச்சு, அதுக்கு மேல ப்ரைமர், அதுக்கு மேல கலர், எல்லாத்துக்கும் மேல கண்ணாடி மாதிரி 'க்ளியர் கோட்'. நாலும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். க்ளியர் கோட் மட்டும் தனியா பார்த்தா, பல கார்கள்ல 40, 50 மைக்ரான். தலைமுடி கனம்கூட வராது! பளபளப்பு முழுக்க அதை நம்பித்தான் இருக்கு. பாலிஷ் போட்டா கீறல் போயிடுமேன்னு கேட்பீங்க. போகும். எப்படின்னா, கீறலைச் சுத்தி இருக்கிற பூச்சையும் கொஞ்சம் சுரண்டி மட்டமாக்கிடுவாங்க. சுரண்டினது திரும்ப வளராது. லோன் போட்டு வாங்கின வண்டி, தவணை முடியறதுக்குள்ள மங்கிப் போனா வலிக்கும்ல?

வில்லன் யாருன்னா தூசிதான். நம்ம ரோட்டுப் புழுதியில மணல் இருக்கு, மணல்ல குவார்ட்ஸ் இருக்கு. மோஸ் அளவுகோல்ல அதோட கடினம் 7. ஜன்னல் கண்ணாடியையே கீறும். க்ளியர் கோட் ஒருவகை பிளாஸ்டிக். அது என்ன பாவம் பண்ணுச்சு? ஸோ, வண்டி மேல கை வைக்கறதுக்கு முன்னாடி தூசி இறங்கியிருக்கணும். அவ்ளோதான் ரகசியம். காலையில ஆபீஸ் கிளம்புற அவசரத்துல அப்பா காய்ஞ்ச துணியால "ஒரு தட்டு" தட்டுவார் பாருங்க, பவுடரைவிட அதுதான் டேஞ்சர்.

முதல்ல நிழல். வெயில்ல காய்ஞ்ச பானட்ல தண்ணி ஊத்தினா, துடைக்கறதுக்குள்ள சோப்பு காய்ஞ்சு கறை கட்டும். காலையில ஏழு மணிக்குள்ள இல்லைன்னா சாயங்காலம். அடுத்தது சக்கரம். அதுல பிரேக் தேய்ஞ்ச இரும்புத் தூள் ஒட்டியிருக்கும். அதுக்குன்னு தனித் துணி, தனித் தண்ணி. அந்தத் துணி ஜென்மத்துக்கும் பானட் பக்கம் வரக்கூடாது.

அப்புறம் மக்கால வெறும் தண்ணி, கூரையில இருந்து கீழே. துணியே படாம. புழுதி ஊறி வழிஞ்சு ஓடட்டும். பாதி வேலை இதுலயே முடிஞ்சுடும்.

இனிமேதான் சோப்பு. ரெண்டு பக்கெட் எடுத்துக்கங்க. ஒண்ணுல கார் ஷாம்பு, இன்னொண்ணுல வெறும் தண்ணி. ஷாம்புல துணியை நனைச்சு ஒரு கதவு துடைச்சதும், வெறும் தண்ணியில அலசிப் பிழிஞ்சுட்டு, அப்புறம்தான் மறுபடி ஷாம்புக்குள்ள. அந்த வெறும் தண்ணிக்கு அடியில என்ன தங்குதுன்னு கடைசியில எட்டிப் பாருங்க. ஒரே பக்கெட்டா இருந்தா அத்தனையும் திரும்ப வண்டி மேலதான் ஏறியிருக்கும்! கை வட்டமா சுத்த வேணாம், நேர்கோட்டுல போகட்டும். அழுத்தவும் வேணாம். சேறு படியற கதவோட அடிப்பக்கம் எப்பவும் கடைசி. துணி கீழே விழுந்துட்டா அன்னிக்கு அதுக்கு ரெஸ்ட்.

துணி பவுடர் ஏன் கூடாது? அது காரம். எண்ணெய்ப் பிசுக்கைப் பிடுங்கறதுதான் அதோட வேலை, கார் மேல இருக்கிற மெழுகையும் சேர்த்துப் பிடுங்கிடும். கரையாத குருணை வேற தேய்க்கும். பாத்திரம் தேய்க்கிற பார் இன்னும் மோசம், அதுல தேய்ப்புக்குன்னே பொடி கலந்திருப்பாங்க. கார் ஷாம்பு வழுவழுன்னு இருக்கிறதால தூசி உரசாம வழுக்கிட்டுப் போகும். மெக்கானிக் கடையில தொங்குற திருப்பூர் பனியன் வேஸ்ட் எண்ணெய்க் கை துடைக்க சூப்பர், பெயின்ட்டுக்கு வேணாம். அதுல தையல் இருக்கும், மணலும் துணி மேலயே உட்கார்ந்து அறுக்கும். புசுபுசுன்னு இருக்கிற மைக்ரோஃபைபர் துணியில மணல் இழைக்கு நடுவுல இறங்கிடும்.

போர் தண்ணி வீடா? ஹீட்டர் காயில்ல படியற அதே வெள்ளைதான் கார்லயும் படியும். கழுவினதும் காய விடாதீங்க. பெரிய டவலை விரிச்சு வெச்சு ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க.

வேப்ப மரத்தடியில நிறுத்தினா காக்கா எச்சம் இலவசம். அது யூரிக் அமிலம், வெயில்ல பூச்சுக்குள்ள இறங்கிடும். நகத்தால சுரண்டாதீங்க. ஈரத்துணியை அஞ்சு நிமிஷம் போட்டு வெச்சா தானா கழண்டு வரும். ஆயுத பூஜை சந்தனத்துக்கும் இதே வைத்தியம்தான். அடுத்த வருஷம் பொட்டை பானட்ல வைக்காம கண்ணாடியில வைங்க, சாமி கோவிச்சுக்காது.

அப்பார்ட்மென்ட்ல விடியற்காலை ஒரு அண்ணன் வந்து வரிசையா எல்லாக் காரையும் துடைப்பாரே, கீறலுக்கு அவரைத் திட்டறதுல அர்த்தமே இல்லை. ஒரே பக்கெட் தண்ணியில அத்தனை வண்டியையும் முடின்னு சொன்னா அவர் என்னதான் பண்ணுவார்? உங்க காருக்குன்னு ரெண்டு துணி வாங்கிக் குடுங்க. தண்ணி இல்லாத நாள்ல, "துடைக்க வேணாம்ணே, அப்படியே விட்டுடுங்க"ன்னு சொல்லுங்க. சம்பளத்துல மட்டும் கை வைக்காதீங்க ப்ளீஸ்.

தண்ணிக் கணக்கும் போட்டுடுவோம். 10 லிட்டர் பக்கெட் 40 செகண்ட்ல நிறையற ஹோஸை இருபது நிமிஷம் திறந்து விட்டா 300 லிட்டர் காலி. மக்குல ஊத்தினா அஞ்சாறு பக்கெட்ல வேலை முடியும். 2019 ஜூன்ல பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரியும் வறண்டு, சென்னையே குடத்தோட லாரிக்குக் காத்து நின்னுச்சு. அதைப் பார்த்தவங்க ஹோஸைத் தொட மாட்டாங்க.

எல்லாம் முடிஞ்சுதா? பிரேக் டிஸ்க் இன்னும் ஈரமா இருக்கும். அப்படியே நிறுத்தினா மேல லேசா துருப் படியும். அதனால லைசென்ஸ் வெச்சிருக்கிறவங்க தெருமுனை வரைக்கும் மெதுவா ஓட்டி, பின்னாடி யாரும் இல்லைன்னு பார்த்துட்டு ரெண்டு தடவை பிரேக் மிதிச்சுட்டு வந்து நிறுத்துங்க. சாவி கேட்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா பாஸ்?