மேக்கப் தொழில்னா ஏன் முகம் சுளிக்கிறோம்?

மக்களே, எங்க வீட்டுல ஒரு பஞ்சாயத்து. நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில "இந்தியன்" படம். சேனாபதி தாத்தாவைப் பார்த்ததும் வழக்கம்போல "கமல்னா கமல்தான்!" என்றேன். பிளஸ் டூ படிக்கிற என் பொண்ணு, "சரிப்பா, அந்த முகத்தைச் செஞ்சது யாரு?" என்றாள். முழித்தேன். மைக்கேல் வெஸ்ட்மோர்னு ஒரு ஹாலிவுட் மேக்கப்காரராம், அவளே சொன்னாள். கையோடு குண்டையும் தூக்கிப் போட்டாள். "எனக்கு பி.காம். வேண்டாம்பா. சினிமா மேக்கப் கத்துக்கணும்."

நான் பி.காம். படிச்சு, பேங்க்ல சேர்ந்து, மாற்றலாகி போர்ட் பிளேருக்கு வந்தவன் (2024-ல் ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க, வாய்க்கு இன்னும் பழகலை). லோன் கேட்டு வர்றவங்ககிட்ட கேக்கிற அதே கேள்விதான் வாயில வந்தது: "மாசச் சம்பளம் உண்டா?" எழுந்து போயிட்டா. ரெண்டு நாள் பேச்சே இல்லை.

அந்த ரெண்டு நாள்ல கொஞ்சம் தேடிப் படிச்சேன். அதே "இந்தியன்" படத்தைத் தயாரிச்ச ஏ.எம்.ரத்னம், நடிகை விஜயசாந்திக்கு மேக்கப்மேனா இருந்தவர்! எம்.ஜி.ஆருக்கு மேக்கப் போட்ட பீதாம்பரத்தோட மகன்தான் டைரக்டர் பி.வாசு. "நான் கடவுள்" படத்துக்காக வி.மூர்த்திக்கு 2008-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதே கிடைச்சிருக்கு.

ஆனா நான் பார்த்த பேரெல்லாம் ஆம்பளைங்க பேரு. மும்பையில இது சங்கத்தோட விதியாவே இருந்திருக்கு. பெண்கள் தலைமுடி அலங்காரம் பண்ணலாம், முகத்துக்கு மேக்கப் போடக் கூடாது! அமெரிக்காவுல போய்ப் படிச்சுட்டு வந்த சாரு குரானாவுக்கே உறுப்பினர் அட்டை தரலை. அவங்க விடாம சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க. 2014 நவம்பர் 10-ஆம் தேதி அந்த விதி செல்லாதுன்னு தீர்ப்பு வந்தது. வேற ஒரு பொண்ணு போராடித் திறந்த கதவை, என் வீட்டுக்குள்ள நான் சாத்தப் பார்த்திருக்கேன்.

பயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஷூட்டிங் இருந்தா காசு, இல்லைன்னா இல்லை. சங்க அட்டை வேணும், பாக்கியை வசூல் பண்ணத் தெரியணும். ஆனா இதெல்லாம் கணக்குப் பிரச்சினை, கௌரவப் பிரச்சினை இல்லை. நம்ம வீடுகள்ல ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறோம். பொழைப்புக்காக ஊரை விட்டுக் கடல் தாண்டி வந்தவங்க நாம. நம்ம பிள்ளை தன் தொழிலுக்காக சென்னைக்குக் கப்பல் ஏறினா மட்டும் மானம் போயிடுமா?

போன மாசம் வெற்றிமலை முருகன் கோயில்ல நடந்த ஒரு கல்யாணத்துக்கு அவதான் பொண்ணுக்கு மேக்கப். இந்த ஊர்ப் புழுக்கத்துலயும் முகூர்த்தம் முடியற வரைக்கும் கலையலை. அன்னைக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

கடைசியில ராஜி ஆயிட்டோம். மேக்கப் கத்துக்கட்டும், பி.காம். தபால்ல படிக்கட்டும். கணக்கு தெரிஞ்ச கலைஞரை யாரும் ஏமாத்த முடியாதுல்ல?

அவ போட்ட ஒரே கண்டிஷன்: "மேக்கப்தானே"ன்னு இனிமே நான் சொல்லக் கூடாதாம். சரின்னுட்டேன். நீங்க என்ன சொல்றீங்க? :-)