ரிப்போர்ட் நார்மல், வலி பொய்யா?

எதிர் வீட்டு அக்கா மாடிப்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்த பிறகுதான் வினையே ஆரம்பம். கை வீங்கிச் சிவந்து, ஃபேன் காற்று பட்டாலே தீ பட்ட மாதிரி எரிகிறது என்றார். எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., எலும்பு ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர் சொன்ன தீர்ப்பு: ‘எல்லாம் நார்மல்மா. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க.’ போதாதா? ‘வேலை செய்ய வலிக்குது, அதான் நடிப்பு’ என்று வீட்டுக்காரரும் முடிவு கட்டிவிட்டார்.

ஐயா, இதற்குப் பெயர் இருக்கிறது. காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட சிப்பாய்களின் எரியும் கைகால்களைப் பற்றி சைலஸ் வெயர் மிட்செல் 1864-லேயே எழுதிவிட்டார். எக்ஸ்ரே கண்டுபிடித்ததே 1895-ல்தான். 1900-ல் ஜெர்மன் டாக்டர் பால் சூடெக், இப்படிப்பட்டவர்களின் எலும்பு மெலிந்திருப்பதை எக்ஸ்ரேயில் காட்டினார். நல்ல விஷயம்தான். ஆனால், படத்தில் தெரியாவிட்டால் நோயே இல்லை என்று அவர் காலத்துக்குப் பிறகு யார் கண்டுபிடித்தது?

2003-ல் புடாபெஸ்டில் நிபுணர்கள் கூடி வகுத்த விதிகளைத்தான், 2012-ல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் ஏற்றுக்கொண்டது. அதில் ஸ்கேன் கட்டாயமே இல்லை. தொட்டால் தாங்க முடியாத வலி. தோலின் நிறமோ சூடோ மாறுவது. வீக்கம் அல்லது வியர்வை. அசைவு குறைவது அல்லது நகம், முடி மாறுவது. இந்த நான்கில் மூன்றை நோயாளி சொல்ல வேண்டும், இரண்டையாவது டாக்டர் கண்ணால் பார்க்க வேண்டும். காயத்துக்குப் பொருந்தாத வலி நீடிக்க வேண்டும், வேறு நோய் காரணமாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஸ்கேனே வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடாத எலும்பு, கிருமித் தொற்று, ரத்தக்கட்டு இதெல்லாம் இல்லையென்று உறுதிசெய்ய அது வேண்டும். மருந்து ஏற்றி மூன்று கட்டமாக எடுக்கும் எலும்பு ஸ்கேன் சில சமயம் துப்புக் கொடுக்கும். ஆனால் அது நார்மலாக வந்தாலும் இந்த நோய் இருக்கலாம். இது தெரியாமல் நோயாளியைப் பொய்யராக்கி அனுப்பினால், தாமதத்தில் கை மரத்துண்டாக இறுகிப்போகும்.

அக்காவைப் பார்த்த அடுத்த டாக்டர், ரெண்டு கையையும் மேஜை மேல் வைக்கச் சொல்லிப் பத்து நிமிஷம் பார்த்தார். நோய் பிடிபட்டது. இப்போது பிசியோதெரபி நடக்கிறது. வீட்டில் பாத்திரம் தேய்ப்பது வீட்டுக்காரர்!