நுவரெலியாவில் நிலம் பறித்தவர் யார்?

நுவரெலியா மாவட்டத்துச் சிங்களக் குடியானவரின் நிலத்தைத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பிடித்துக்கொண்டார்கள் என்ற நம்பிக்கை இலங்கையில் ஆழ வேரோடியிருக்கிறது. அரசியல் மேடைகளில் அது முழங்கும். கொழும்பு ஜிந்துப்பிட்டியில் அறை எடுத்துத் தங்கிப் புறக்கோட்டைக் கடைகளில் வேலை பார்க்கும் மலையகப் பிள்ளைகளின் காதிலும் விழும். நிலம் பறிபோனது உண்மை. தொழிலாளர் பறித்தார்கள் என்பது பொய்.

கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் வசமானது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்காணிச் சட்டம், காட்டையும் தரிசையும் அரசின் சொத்தாகக் கொண்டது. கண்டிப் பிரதேசத்தில் காடு வெட்டி எரித்து மாறி மாறிப் பயிரிடும் சேனை நிலத்துக்கு அரசர் அளித்த சன்னஸ் எனும் பட்டயமோ வரி கட்டிய சான்றோ கேட்டது. சேனைப் பயிர், மாட்டு மேய்ச்சல், விறகு எல்லாம் ஊர்வழக்கால் அனுபவித்து வந்தவை. அவற்றுக்கு ஏட்டில் சான்று வைத்திருந்த கிராமத்தவர் மிகச் சிலர். அப்படி அரசிடம் போன நிலம் 1844 வரை ஏக்கர் ஐந்து சிலிங் என்ற தொடக்க விலைக்கு ஏலம் போயிற்று. வாங்கியவர்களில் சிவில் அதிகாரிகளும் படை அதிகாரிகளும் இருந்தார்கள். ஆளுநர் ஸ்டுவர்ட் மெக்கன்சியே இருந்தார். கரையோரச் சிங்கள முதலாளிகளும் விலகி நிற்கவில்லை. மொறட்டுவையின் ஜெரோனிஸ் டி சொய்சா ஹங்குராங்கெத்தையில் அரச தோட்டத்தை வாங்கிக் கோப்பி பயிரிட்டார்.

அந்த ஏலங்களில் தமிழ்த் தொழிலாளி எங்கே நின்றான்? மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தான். கோப்பிப் பழம் பறித்து முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினான். வழியில் பசிக்கும் வாந்திபேதிக்கும் இறந்தவர் ஏராளம். காடு வெட்டும் ஒப்பந்தங்களைக் கண்டிக் கிராமத்தவரே எடுத்ததுண்டு. 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்து, ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலை பரவிய பிறகுதான் குடும்பங்கள் லயம் எனப்படும் வரிசை வீடுகளில் நிலைத்தன. நிலம் கைமாறத் தொடங்கி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. பின்னால் வந்தவனை முன்னால் நடந்த பறிப்புக்குப் பொறுப்பாக்குவது வரலாறு ஆகாது.

வயலும் போயிற்று, அதுவும் தோட்டத்தவருக்கு அல்ல. 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி நெல்வரி பணமாக வசூலிக்கப்பட்டது. கோப்பி வீழ்ந்து கிராமத்தில் பணம் வற்றிய 1880களில், வலப்பனையிலும் உடஹேவாஹெட்டையிலும் வரி கட்ட முடியாதவரின் வயல்களை அரசு ஏலம் போட்டது. நிலமிழந்தவர்கள் பட்டினியால் மடிந்ததை அரசுக்கு எழுதியவர் அப்போதைய உதவி அரசாங்க அதிபர் லெ மெசூரியர். தோட்டத் துரையாக இருந்த ஜோர்ஜ் வோல் அந்த வரிக்கு எதிராகப் பல ஆண்டுகள் எழுதினார். 1892இல் அது ஒழிந்தது. இவ்வளவு தெளிவான பதிவு இருந்தும், அந்தப் பட்டினியின் பழி அரசின் மேல் நிற்காமல் லயத்தில் வாழ்பவன் மேல் இறங்கியிருக்கிறது. அவனும் அந்தத் தோட்டத்தில் ஒரு சாண் நிலத்துக்குச் சொந்தக்காரன் இல்லை. ஆள் சேர்த்து மேய்த்த கங்காணியிடம் பட்ட கடன் அவனைக் கட்டியது. 1921 வரை துரை தரும் விடுவிப்புச் சீட்டான ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போகவும் வழியில்லை.

சுதந்திரத்துக்குப் பின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகியபோதும் நிலம் உழைத்தவருக்கு வரவில்லை. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்ட நிலத்தைப் பிரித்துக் கொடுக்க அரசு முற்பட்டபோது, வாழ்விடமும் வேலையும் போகும் என்று தொழிலாளர் எதிர்த்தார்கள். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் தொழிலாளி சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் 2015க்குப் பிறகுதான் வந்தது. இன்றும் லயத்தில் வாழும் பெரும்பாலான குடும்பங்களிடம் குடியிருக்கும் மண்ணுக்கு உறுதி கிடையாது.